யாரும் சாகாத படம்

அந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அதில் வரும் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். கிருஷ்ணகிரியில் விடிந்தும் விடியாததுமாக எங்களை ஏற்றிக்கொண்டு சூளகிரி வழியாக ஓசூர் போய், தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார். ஷிப்ட் முடிந்ததும் அதே ரோட்டில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். டிவி அவர் சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேலே, எங்களைப் பார்த்தமாதிரி மாட்டியிருக்கும். போகும்போது முதல் பாதி ஓடும். தொழிற்பேட்டை இருக்கும் மூக்கண்டப்பள்ளி நெருங்கும்போது இடைவேளை என்று எழுத்து வரும், நாங்கள் டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம். சாயங்காலம் மீதிப் பாதி. நான் அந்த பஸ்ஸில் போய்வந்த காலம் முழுக்க அந்த ஒரே படம்தான்.

வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே பழைய படம். அதில் ஒரு ரொட்டிக்கடைக்காரன். மனைவி, இரண்டு பிள்ளைகள், கடைக்கு மேலே வீடு. ஊரில் எந்த மூலையில் யார் கத்தினாலும் அவன் காதில் விழுந்துவிடும். உடனே மாவுக்கையோடு ஒரு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். காற்றை விட வேகமாக ஓடுவான். விழப்போகும் பாலத்தைத் தாங்குவான், தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறவர்களைத் தூக்கிவருவான். போன இடமெல்லாம் அவன் உள்ளங்கை மாவு ஒட்டியிருக்கும். அதை வைத்தே அவன் பிள்ளைகள் ஒருநாள் அப்பாவைக் கண்டுபிடிக்கும். திரும்பி வந்தால் அடுப்பில் ரொட்டி கருகியிருக்கும், மனைவி திட்டுவாள். வில்லன் என்று ஒருத்தன், ஊர் முழுக்க ராட்சச சங்குகளை வைத்து ஊதவிடுவான். அந்த இரைச்சலில் யார் கூப்பிடுவதும் ரொட்டிக்காரனுக்குக் கேட்காது. கடைசியில் ஊரே வாயைப் பொத்தி, வண்டியை நிறுத்தி, மணியைக் கட்டிப்போட்டு அமைதியாக நிற்கும், கிணற்றுக்குள் விழுந்த ஒரு குழந்தையின் குரல் அவனுக்குக் கேட்கவேண்டும் என்று.

அந்த இடம் வந்தால் எங்கள் பஸ்ஸும் அமைதியாகிவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பவள்கூட "இரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். தினமும் பார்ப்பதுதான். குழந்தை பிழைத்துவிடும் என்று தெரியும். தெரிந்தும் அமைதியாகிவிடுவோம்.

ஏன் சலிக்கவில்லை என்று நானே யோசித்திருக்கிறேன். எங்களுக்குக் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டும் வேலை. எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். அங்கே ஒருநாள் ஒரு பையனின் விரல் மெஷினுக்குள் போய்விட்டது. அவன் கத்தியிருக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற சூப்பர்வைசருக்குக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டிவியில் ரொட்டிக்காரன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்து நின்றான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா, எங்கள் லைனில் மூத்தவர், "இப்படி ஒருத்தன் இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

டிரைவர் அண்ணா படத்தைக் காதால்தான் பார்த்தார். ஒரு வசனம் வருவதற்கு முன்பே அவர் தோள் சிரிப்பில் குலுங்கும். "இப்ப ரொட்டி தீயும் பாரு" என்பார், பின்னாலேயே ரொட்டிக்காரன் மனைவியின் கத்தல் கேட்கும். ஹாரன் அடிக்கவே மாட்டார். அடிக்கவேண்டிய இடத்தில் வண்டியை மெதுவாக்கிக்கொள்வார். போனில் மாமியாரோடு தெலுங்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏஜெண்டிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். எந்த மொழியிலும் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் தினமும் இடது ஓரத்துக்கு வந்து ஊர்ந்துபோவார். ரோடு நன்றாகத்தான் இருக்கும். பழைய பழக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒருத்தி புதுப்படம் ஒன்றை பென்டிரைவில் கொண்டுவந்து போடச்சொன்னாள். சரிம்மா என்று போட்டார். படத்தில் முதல் அரிவாள் விழுந்து ஒருத்தன் அலறினான். பஸ் ஓரம்கட்டி நின்றது. எழுந்து வந்து பென்டிரைவைப் பிடுங்கி, துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.

"கோவிச்சிக்காதம்மா. என் வண்டில யாரும் சாவக்கூடாது."

"படந்தானேண்ணா?"

"படமா இருந்தாலும்தான்."

திரும்பவும் ரொட்டிக்காரனே வந்தான். அந்தப் படம் வண்டிக்குள் வந்ததே அப்படித்தானாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவரிடம் போய், "யாரும் சாவாத படமா ஒண்ணு ஏத்திக் குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இது குழந்தைங்க படம்ணா, தைரியமா போடுங்க" என்று கொடுத்தாராம்.

கடைக்காரர் சொன்னது முழுசும் உண்மை இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

படத்தின் இரண்டாம் பாதியில், சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கு வரும், பேச்சே இல்லாத ஒரு இடம் இருக்கிறது. வெறும் பியானோ மட்டும் ஒலிக்கும். ரொட்டிக்காரன் வீட்டு மேல்மாடியில் ஒரு கிழவி, பிள்ளைகளுக்கு பியானோ சொல்லித்தருகிறவள். அவன் தினமும் காலையில் முதல் ரொட்டியை அவளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒருநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போகிறாள். கத்தவில்லை, கூப்பிடவில்லை. அதனால் ஊர்ச் சத்தமெல்லாம் கேட்கிறவனுக்கு, தலைக்கு மேலே நடந்தது கேட்கவில்லை. மறுநாள் கையில் ரொட்டியோடு அவள் வீட்டுக்கு முன்னால் நிற்பான். உள்ளே அவள் மகள் இருப்பாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குவான். தட்டமாட்டான். ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவான்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு கிடையாது. அதனால் டிரைவர் அண்ணாவுக்குத் தெரியாது. தெரியாததோடு நிற்கவில்லை, படம் முழுக்க அவருக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். அந்த பியானோ ஆரம்பித்தால் கூடவே முனகுவார். விரல் ஸ்டியரிங்கில் தாளம் போடும். ஸ்டெல்லா அக்கா ஒருமுறை, "அந்த மியூசிக் அப்டி என்ன பிடிக்குது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"அவனும் பொஞ்சாதியும் மாடில உக்காந்துக்கினு சும்மா பேசிக்கினு இருக்கற இடந்தானே அது? சண்டையெல்லாம் ஓஞ்சி. கேக்கவே நல்லா இருக்குது."

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஆமா" என்றார் அக்கா.

அன்றிலிருந்து யாரும் வாய்விட்டுப் பேசி முடிவெடுக்காமலே பஸ் முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. திரையில் கிழவி செத்துக்கிடப்பாள், ஸ்டியரிங்கில் அவர் சந்தோஷமாக முனகிக்கொண்டிருப்பார், நாங்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அழுகிறவர்கள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுவார்கள்.

சாவென்றால் ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்பது சூளகிரியில் டயர் பஞ்சரான அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா அக்காவும் நானும் வண்டியிலேயே இருந்தோம். டிரைவருக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதற்கான கண்ணாடி, எப்போதும் கூரையைப் பார்த்தபடி திருப்பியிருக்கும். அக்கா அதைத் துடைத்து நேராக்கப் போனார்.

"வேணாம் ஸ்டெல்லாம்மா. அது அப்டியே இருக்கட்டும்."

ஸ்டெப்னி மாட்டிக் கை கழுவிவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நாங்கள் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். முன்னால் அவர் வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டினாராம், இதே ரோடு. அந்த வண்டியில் ஒருநாள் காமெடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல சிரிச்சாங்க. அத்தனை பேரும். என்னடா அவ்ளோ சிரிப்புன்னு கண்ணாடில பாத்தேன். அவங்க மூஞ்சத்தான் பாத்தேன். பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சி. திரும்பறதுக்குள்ள ஒரு அம்மா நடுரோட்டுல நிக்குது, கைல பூக்கூடை."

சூளகிரியிலிருந்து பிரியும் பேரிகை ரோட்டில் ஒரு கிராமத்துக்காரி. விடியற்காலையில் பூத்தோட்டத்துக்குப் பூப்பறிக்கக் கிளம்பி ஹைவேயைத் தாண்டியிருக்கிறாள். தாண்டக்கூடாத இடம் என்று கோர்ட்டில் சொன்னார்கள், இவர் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள்.

"கோர்ட்டு சொன்னா ஆச்சா" என்றார்.

"அவங்க வூட்டுக்குப் போனீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"போவாதன்னாங்க. போனா அடிப்பாங்க, வெட்டுவாங்கன்னு கம்பெனில சொன்னாங்க. நானும் அதான் சாக்குன்னு இருந்துட்டன்." சட்டை நுனியில் கையைத் துடைத்தார். "வண்டி ஓட்டமாட்டன்னு கொஞ்சநாள் வூட்டுல கெடந்தன். வேற என்னா தெரியும் எனக்கு? திரும்ப வந்தன். சும்மா ஓட்டுனா அந்தச் சத்தம் வருது. படம் போட்டா வரமாட்டேங்குது. அதுக்கோசரந்தான்."

டீக்கடையிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். எழுந்து போய் வண்டியை எடுத்தார்.

மகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். முதல் நாள் காலையில் சித்தியோடு வேறு பஸ்ஸில் வந்தவள், சாயங்காலம் எங்கள் பஸ்ஸில் இடம் இல்லாமல் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாதியிலிருந்து பார்த்தாலும் படத்தில் ஒன்றிப்போய்விட்டாள். பியானோ ஆரம்பித்தது. அவர் முனக ஆரம்பித்தார். அவளுக்கு விம்மல் வந்துவிட்டது. எங்களைப்போல் மறைத்து அழ அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ஏம்மா அழுவற? வூட்டு நெனப்பா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லண்ணே. இந்த ஆச்சி செத்துட்டால்லா, அதான்."

நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பியானோ ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த ஆச்சி?"

"மாடில இருப்பாவல்லா, பியானோ ஆச்சி. நாற்காலிலயே உக்காந்து செத்துக் கெடக்கா. இவன் ரொட்டியக் கொண்டுட்டு வந்து வாசல்ல நிக்கான்."

அவர் முனகல் நின்றது. வண்டி ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த இடம் வந்ததும் எப்போதும்போல் இடது ஓரத்துக்கு வந்து ஊர்ந்தார். கிருஷ்ணகிரியில் இறங்கும்போது ஸ்டெல்லா அக்கா, "அண்ணா" என்று ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"சரி. பாத்து எறங்குங்க."

மறுநாளிலிருந்து டிவி ஓடவில்லை. இன்ஜின் சத்தம், லாரிகளின் சத்தம், கண்ணாடி நடுங்கும் சத்தம். இவ்வளவு சத்தம் அந்த வண்டியில் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. மகேஸ்வரி தன்னால்தான் என்று சாப்பிடாமல் கிடந்தாள். சிலர் போனில் வேறு படம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் பார்க்கத் தோன்றவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போவேன். சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடக்கும், அதிகாலைக் குளிரில்கூட. இந்தச் சமயத்தில் அவர் காதில் வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

இப்படிச் சில நாள் போனது. ஒரு சாயங்காலம் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டியை எடுக்காமல் சீட்டிலேயே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த எடத்துல என்னா நடக்குதுன்னு யாராவது முழுசா சொல்லுங்க."

ஸ்டெல்லா அக்காதான் சொன்னார், நிதானமாக, விடாமல். கிழவி நாற்காலியில் சாய்ந்தது, ஜன்னல் திரை ஆடியது, காலையில் ரொட்டி, படிக்கட்டு, கதவு.

"உள்ள ஆள் இருக்குதா?"

"மக இருக்கா. அழுதுட்டு இருப்பா."

"தட்டறானா?"

"கையத் தூக்குவான். தட்டமாட்டான்."

"ஏன்?"

"அது தெரியாதுண்ணா. காட்டமாட்டாங்க. ரொட்டிய வச்சிட்டுப் போயிடுவான்."

"அப்புறம் எப்பவாவது போவானா?"

"போவமாட்டான். அதோட அடுத்த சீன் வந்துரும்."

"அவ்ளோ பேரக் காப்பாத்தறவன்" என்றார். திரும்பி வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே டிவியைப் போட்டார். அந்த இடம் வந்தபோது முனகவில்லை.

அதற்கப்புறம் அவர் எங்கள் வண்டியை ஓட்டியது கொஞ்ச காலம்தான். கம்பெனி பஸ்ஸையெல்லாம் ஒரு காண்டிராக்டரிடம் விட்டார்கள், வயசான டிரைவர்களை வேண்டாம் என்று அந்தக் காண்டிராக்டர் சொல்லிவிட்டார். இப்போது எங்கே இருக்கிறாரென்று தெரியாது. பர்கூரில் மகன் வீட்டில் இருப்பதாக ஒருத்தி சொன்னாள், இல்லை என்று இன்னொருத்தி. புது வண்டியில் டிவி இல்லை. பண்டிகை நாளில் அந்தப் படம் எப்போதாவது வீட்டு டிவியில் வரும். என் பிள்ளைகள் முதல்முறை பார்ப்பதைப்போல வாயைத் திறந்துகொண்டு பார்க்கும். முடிந்ததும் திரும்பப் போடச் சொல்லி அடம்பிடிக்கும். பியானோ இடத்தில் சின்னவள் மட்டும் என் மடியில் வந்து படுத்துக்கொள்வாள்.

அவர் வேலையை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு திங்கட்கிழமை, ஸ்டாப்பில் நானும் ஸ்டெல்லா அக்காவும் மட்டும் சீக்கிரமே வந்து நின்றிருந்தோம். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஏறியதும் சொன்னார்.

"நேத்து அந்த அம்மா வூட்டுக்குப் போனன்."

அக்கா பையைக் கீழே வைத்தார்.

பேரிகை ரோட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டே போயிருக்கிறார். சாமந்திக் காட்டை ஒட்டி ஓட்டு வீடு. கதவைத் தட்டினதும் அந்தம்மாவின் புருஷன் வந்தார். ஒல்லியாக, கண்ணில் புரை விழுந்த ஆள். யாரென்று கேட்டார். இவர் சொல்லிவிட்டார். இன்ன வண்டி, இன்ன ரோடு, நான்தான் ஓட்டினேன் என்று.

"அடிப்பாருன்னு நின்னன். அடிச்சா வாங்கிக்கலாம்னுதான் போனதே. அவரு கட்டிலக் காட்டினாரு. உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாரு. நான் குடிச்சதும், 'நீ ஏன் இத்தனை நாளா வரல' ன்னாரு. பயம்னு சொன்னன். 'நான் உன்னத் தேடினேன்' ன்னாரு. 'கோர்ட்டுக்கு வந்தன். உங்காளுங்க கிட்டயே விடல' ன்னாரு. என்னாத்துக்குத் தேடினீங்கன்னு கேட்டன்."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ கடைசியா ஏதாவது பேசினாளான்னு கேக்கறதுக்காம். வேற ஒண்ணும் இல்லையாம். அவங்க பக்கத்துல உக்காந்திருந்தது நான் ஒருத்தன்தானே."

"பேசினாங்களா?" என்றார் அக்கா.

"பேசினாங்க. அவங்க தலய என் மடியிலதான் வச்சிருந்தன். ஆம்புலன்ஸ் வர வரைக்கும். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் பொஞ்சாதிகிட்டகூட. பாப்பனி லேபாலின்னாங்க. தெலுங்குல, பாப்பாவ எழுப்பணும்னு. வலிக்குதுன்னு சொல்லல, என்னத் திட்டல. எங்கியோ நேரமாயிட்ட மாதிரி, பாப்பனி லேபாலின்னாங்க. அவ்ளோதான்."

வெளியே ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"அதச் சொன்னன் அவருகிட்ட. உள்ளருந்து அவங்க பொண்ணு வந்திச்சி. கழுத்துல ஏதோ கம்பெனி கார்டு, ஷிப்டுக்குக் கெளம்பினாப்ல இருந்திச்சி. மகேஸ்வரி வயசுதான் இருக்கும். எல்லாத்தையும் உள்ள நின்னு கேட்டுருக்குது. எங்கிட்ட வந்து நின்னுச்சி. 'எப்டி சொன்னாங்களோ அப்டியே சொல்லுங்க'ன்னுச்சி. சொன்னன். 'இல்ல, அவங்க சொன்ன மாதிரி, மெதுவாவா, வேகமாவா?'ன்னுச்சி. மெதுவாத்தான்மான்னன். மெதுவா சொன்னன்."

ஸ்டாப்பில் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர் கதவைத் திறந்துவிடவில்லை.

"கட்டில்ல என் பக்கத்துல உக்காந்து கண்ண மூடிக்கிச்சி. இன்னொருவாட்டி சொல்லுங்கன்னுச்சி."